வார்சா ஷோபின் போட்டி ஃபைனல்: டிக்கெட் கிடைத்தால் போகலாமா?

போலந்தின் தலைநகர் வார்சாவில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, 19ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஷோபினின் இசையை மட்டுமே வைத்து நடக்கும் சர்வதேச ஷோபின் பியானோ போட்டிக்கு ஒரே ஒரு டிக்கெட்தான் உண்டு, எந்தச் சுற்று வேண்டும் என்று யாராவது கேட்டால் அவசரப்பட்டு ஃபைனல் என்று சொல்லிவிடாதீர்கள். மூன்றாம் சுற்று கேளுங்கள். அது இல்லையென்றால் இரண்டாவது. 2025 அக்டோபர் 18 அன்று ஃபைனலின் முதல் நாள், அதாவது கடைசியில் முதல் பரிசு வாங்கியவர் வாசித்த அதே சாயங்காலம், அரங்கத்துக்குள் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் வகைப் பேச்சு இல்லை. அந்த நான்கு மணி நேரத்துக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். ஐந்தாவது நட்சத்திரம் ஏன் கிடைக்கவில்லை என்பதும், கொடுத்த நான்கில் ஒன்று போட்டி விதியில் செய்த ஒரே ஒரு மாற்றத்தால் வந்தது என்பதும்தான் இங்கே விஷயம்.

ஷோபின் எழுதியது கிட்டத்தட்ட எல்லாமே தனி பியானோவுக்கு. மசூர்க்கா, ப்ரெலூட், பாலட், சொனாட்டா, நொக்டர்ன் என்று அவர் எப்படிப்பட்ட ஆள் எனக் காட்டுகிற இசை வகைகள் அத்தனையும் முதல் மூன்று சுற்றுகளிலேயே வாசித்து முடிந்துவிடுகிறது. ஃபைனலுக்கு என்று மிச்சமிருப்பது ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் இரண்டு கான்செர்ட்டோக்கள். இரண்டும் அவர் வார்சாவை விட்டுப் போவதற்கு முன்னால், 19, 20 வயதில் எழுதியவை. அழகானவைதான், அதிலும் நடுப் பகுதிகள் கல்லையும் கரைக்கும். ஆனால் ஒரு சின்னப் பையன் ஊர் மேடையில் தன் கைவரிசையைக் காட்ட எழுதிய சரக்கு அது. அதைத்தான் மூன்று நாளும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அந்த இரண்டையும் சுருதியின் பெயரால் ஈ மைனர், எஃப் மைனர் என்பார்கள், பெரும்பாலானவர்கள் ஈ மைனரைத்தான் எடுப்பார்கள், அது கொஞ்சம் நீளம், பளபளப்பும் ஜாஸ்தி. எஃப் மைனரை எடுத்துக்கொண்டு வருபவர்கள் எப்போதும் குறைச்சல்தான். எஃப் மைனர்தான் முதலில் எழுதியது, பின்னால் அச்சானதால் அதற்கு இரண்டாம் எண் வந்துவிட்டது.

2025இல் இதை மாற்றினார்கள். கான்செர்ட்டோவுக்கு முன்னால் ஒவ்வொருவரும் ஓபஸ் 61, அதாவது ஷோபினின் 61ஆம் எண் படைப்பான பொலோனேஸ் ஃபான்டஸி என்ற தனி பியானோத் துண்டை வாசிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். 1846இல் வெளிவந்தது. அடுத்த மூன்று வருடத்தில் ஷோபின் இறந்துவிட்டார். உடம்பு போய், மனசும் கசந்துபோயிருந்த காலத்தில் எழுதிய சுமார் 13 நிமிடத் துண்டு. பொலோனேஸ் என்று பெயர்தானே தவிர அந்தப் போலந்து நடனத்தின் தாளம் ஒரு இடத்தில் வரும், அடுத்த இடத்தில் காணாமல் போய்விடும். விரல் வேகத்தை மட்டும் நம்பி வருகிறவன் இதில் மாட்டிக்கொள்வான். யார் இந்த யோசனையைச் சொன்னார்களோ அவர்களுக்கு ஒரு கும்பிடு.

சரி, டிக்கெட். விற்பனை ஒரு வருடத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது, ஆரம்பித்த வேகத்தில் தீர்ந்தும் விடுகிறது. கூட வேலை பார்க்கும் போலந்துக்காரர் ஒருவர் தனக்கும் மனைவிக்கும் என்று வாங்கி வைத்திருந்தார், கடைசி நேரத்தில் மனைவி வெளியூர் போக வேண்டி வந்ததால் அது எனக்கு வந்தது. நான் க்ராக்கோவில் இருக்கிறேன், அங்கிருந்து வார்சா ரயிலில் இரண்டரை மணி நேரம் சொச்சம், அதனால் முந்தின நாளே கிளம்ப வேண்டிய அவசியம் இல்லை. இப்படி யாரும் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி, அன்றன்றைக்கு அரங்கத்தில் கொஞ்சம் நுழைவுச் சீட்டு விற்பார்கள், அதற்குக் காலையிலிருந்தே ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். மடக்கு நாற்காலியோடும் ஃப்ளாஸ்க்கோடும் வந்து நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்தால், பணம் கொடுத்து உள்ளே போகிற நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

மத்தியானம் வரை வேலை இல்லாததால் ஹோலி கிராஸ் தேவாலயத்துக்குப் போனேன். உள்ளே இடது பக்கத் தூண் ஒன்றில் ஷோபினின் இதயம் இருக்கிறது, நிஜமான இதயம், உடம்பு பாரிஸில். அக்கா லுட்விகா அதைத் தன்னோடு போலந்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அக்டோபர் 17 ஷோபினின் நினைவு நாள். அன்றைக்குப் போட்டி கிடையாது, இந்தத் தேவாலயத்தில் இறந்தவர்களுக்காக மோசார்ட் எழுதிய வழிபாட்டு இசையான ரெக்வியம் வாசிப்பார்கள். நான் போனது மறுநாள் என்பதால் தூணைச் சுற்றிப் புதுப் பூங்கொத்துகள் குவிந்து கிடந்தன, அதில் பாதிக்கு மேல் ஜப்பானிய எழுத்தில் அட்டை சொருகியவை. ஷோபின் அருங்காட்சியகத்துக்கும் போகலாம், நல்ல இடம்தான், ஆனால் அதைச் சாவகாசமாக வேறொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கச்சேரிக்கு முன்னால் காலை ஓய வைக்காதீர்கள்.

போட்டி நடப்பது யாஸ்னா தெருவில் இருக்கும் ஃபில்ஹார்மோனியா அரங்கம். 1901இல் கட்டியது, போரில் நொறுங்கியது, திரும்பக் கட்டி 1955இல் இந்தப் போட்டியோடுதான் திறந்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். டிவியில் பார்க்கும்போது பிரமாண்டமாகத் தெரியும், உள்ளே போனால் அடடே இவ்வளவுதானா என்று இருக்கும். இது நல்லதுக்குத்தான், எங்கே உட்கார்ந்தாலும் மேடை கிட்டத்தில் இருக்கிறது. கோட்டை வெளியே கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போலந்தில் எந்த அரங்கத்திலும் இது வழக்கம், அதனால் உள்ளே சட்டை கொஞ்சம் ஒழுங்காக இருக்கட்டும். டை கட்ட வேண்டாம். ஜீன்ஸில் வந்தவர்களும் இருந்தார்கள், பாட்டு வாத்தியார் போலக் கறுப்பு சூட்டில் வந்தவர்களும் இருந்தார்கள்.

எனக்குக் கீழ்த்தளத்தில் வலது ஓரம், பின்வரிசை. பியானோ கச்சேரிக்கு எல்லோரும் இடது பக்கத்துக்கு அடித்துக்கொள்வார்கள், விரல் தெரியுமே என்று. வலது பக்கத்தில் விரல் தெரியாது, முகம் தெரியும். பியானோவின் மூடி அந்தப் பக்கம் திறந்திருப்பதால் சத்தமும் நேராக வரும். அதில் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது. கான்செர்ட்டோ ஆரம்பிக்கும்போது பியானோக்காரர் உடனே வாசிக்க ஆரம்பிப்பதில்லை, ஆர்கெஸ்ட்ரா முதலில் தனியாக வாசித்து முடிக்க வேண்டும், ஈ மைனரில் இது 138 பார் (தாளச் சுற்று), நாலு நிமிடம் மேடையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். உலகமே நேரலையில் பார்க்கிறது, பின்னால் பால்கனியில் நடுவர்கள், கையை எங்கே வைப்பது என்று தெரியாத நாலு நிமிடம். ஒருத்தர் கைக்குட்டையால் கட்டைகளை ஒருதரம் துடைத்தார், பத்து விநாடி கழித்துத் துடைத்த கட்டைகளையே மறுபடி துடைத்தார். விரல் தெரிகிற சீட்டில் உட்கார்ந்திருந்தால் நான் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டேன்.

பக்கத்து சீட்டில் ஒரு வயதான அம்மா. 1975இல் இதே போட்டியில் போலந்தின் ஸிமர்மான் ஜெயித்தபோது மாணவியாக மேலே நின்றுகொண்டு கேட்டாராம். உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து இருமல் மிட்டாய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தைப் பிரித்து, மிட்டாயை மட்டும் ஒரு சின்னத் துணியில் வரிசையாக வைத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். காகிதக் குப்பை பைக்குள் போய்விட்டது. அப்புறம் கச்சேரி முழுக்க, தொண்டை கரகரத்தபோதெல்லாம் சத்தமில்லாமல் ஒன்று வாய்க்குள் போனது, எனக்கும் ஒன்று நீட்டினார். பின்வரிசையில் இருந்த ஒரு கனவானுக்கு இந்தப் பயிற்சி இல்லை. எஃப் மைனரின் நடுப் பகுதியில், எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்து, அவர் ஒரு மிட்டாயைப் பிரித்தார். மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறையும் என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ. ஒரு நிமிடத்துக்குப் பிரித்தார்.

ஆறு மணிக்கு ஆரம்பம். முதலில் சீனாவின் தியான்யோ லீ. ஓபஸ் 61 இரண்டு கார்டோடு (பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் அழுத்துவது) ஆரம்பிக்கும், பிறகு கீழ் ஸ்வரத்திலிருந்து உச்சி வரை ஒவ்வொரு நோட்டாக ஏறிப்போகும், பெடலை விடாமல் பிடிப்பதால் எல்லா நோட்டும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். திரும்ப கார்டு, திரும்ப ஏற்றம். முதல் ஆளிடம் இதைக் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது, நேர்த்தியான கை. முதல் ஆளாக வாசிப்பதில் ஒரு கஷ்டம் உண்டு, நமக்கு இன்னும் காது திறந்திருக்காது. அவர் கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதிக்கு வரும்போதுதான் நான் ரயிலை மறந்து உள்ளே வந்தேன். அந்தக் கடைசிப் பகுதி க்ராக்கோவியாக், நான் வீட்டு வாடகை கட்டும் ஊரின் நடனம், அதனால் கொஞ்சம் சொந்த பாசமும் சேர்ந்துகொண்டது.

அடுத்து எரிக் லூ. இவரைப் பற்றித் தெரியாமல் அந்த அரங்கத்தில் யாரும் இல்லை. 2015இல் இதே மேடையில் 17 வயதில் நான்காம் பரிசு, 2018இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பியானோ போட்டியில் முதல் பரிசு, கையில் நல்ல கச்சேரி வாழ்க்கை. பத்து வருடம் கழித்து எதற்கு மறுபடி வந்து பரீட்சை எழுத வேண்டும் என்று பாதிப் பேருக்குக் கேள்வி. தோற்றால் இருக்கிற பெயரும் போகும் இல்லையா.

அதே இரண்டு கார்டு. அதே ஏற்றம். ஆனால் இவர் அந்தக் கடைசி நோட்டு முழுசாக அடங்கும் வரை அடுத்ததைத் தொடவில்லை. இவ்வளவு நேரம் காத்திருக்கலாமா என்று எனக்கே பதறியது, இதையே இன்னும் கொஞ்சம் இழுத்தால் பாவனையாகப் போய்விடும் என்கிற விளிம்பில் நின்று வாசிக்கிறார். சத்தமே இல்லாமல் வாசிப்பது என்று ஒன்று இருக்கிறதே, மெதுவாக என்று சொல்லவில்லை, சன்னமாக, ஆனால் கடைசி வரிசை வரை ஒவ்வொரு நோட்டும் வந்து சேருவது போல. அதை ஸ்பீக்கரில் கேட்கவே முடியாது, ஏனென்றால் ஒலிப்பதிவு செய்பவர் அதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்துவிடுவார். அரங்கத்தில் அது தூக்கப்படாமல் இருக்கிறது. நாம்தான் அதை நோக்கிச் சாய வேண்டும், நிஜமாகவே சாய்ந்தோம், எனக்கு முன்னால் இருந்த தலைகள் ஒரு அங்குலம் முன்னால் போனதைப் பார்த்தேன்.

கான்செர்ட்டோவுக்கு அவர் எடுத்தது எஃப் மைனர். நல்ல முடிவு. அதன் கடைசிப் பகுதியில் ஓர் இடம் வரும், வயலின்காரர்கள் வில்லைத் திருப்பி மரப்பக்கத்தால் தந்தியைத் தட்டுவார்கள், பக்கத்தில் பியானோ குதித்துக்கொண்டு போகும். யூடியூபில் அது லேசான டிக் டிக்தான். நேரில் முழு வரிசையும் சேர்ந்து தட்டும்போது மேடைப் பலகையிலிருந்தே வருகிற மாதிரி உலர்ந்த சத்தம் கேட்கிறது, நான் சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஹார்ன் தனியாக ஒரு அழைப்பு ஊதும், அதன் பிறகு பியானோ ஒரே ஓட்டம். எல்லாம் சரியாக வந்தது. ஆனால் அவர் மனசு அந்த ஓட்டத்தில் இல்லை, நடுப் பகுதியில்தான் இருந்தது என்று எனக்குப் பட்டது. பக்கத்து அம்மாவிடம் எப்படி என்று கேட்டேன். “கான்செர்ட்டோ பரவாயில்லை. முதலில் வாசித்தாரே, அதற்கு நான் மறுபடி டிக்கெட் வாங்குவேன்” என்றார்.

இடைவேளையில் பாதிக் கூட்டம் வெளியே போகும், நீங்கள் போகாதீர்கள். மேடையில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனர் வேலை செய்வதைப் பார்க்கலாம். போட்டிக்கு ஐந்து கம்பெனி பியானோக்கள் வந்திருந்தன, ஸ்டெயின்வே, யமஹா, ஷிகெரு கவாய், ஃபட்ஸியோலி, பெக்ஸ்டெயின். ஆரம்பத்தில் ஒவ்வொரு போட்டியாளருக்கும் கால் மணி நேரம்தான் கொடுப்பார்கள், அதற்குள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனிகள் தங்கள் ட்யூனர்களைக் கூடவே அனுப்புகின்றன, ராத்திரியில் அரங்கம் காலியான பிறகு அவர்கள் முறை வைத்து வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் இது போட்டிதான். 2021இல் ஜெயித்த ப்ரூஸ் லியு வாசித்தது ஃபட்ஸியோலி, லூவும் அதே. இத்தாலியில் 1981இல் ஆரம்பித்த ஒரு சின்னக் கம்பெனிக்கு நூற்றைம்பது வருடத்தைத் தாண்டிய ஸ்டெயின்வேக்கு முன்னால் இது சாதாரண விஷயம் இல்லை. நேரில் கேட்டால் வித்தியாசம் தெரியுமா என்றால், தெரியும், ஆனால் எவ்வளவு பியானோவினால் எவ்வளவு ஆளினால் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வராண்டாவில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர், ஒருவர் சொன்னதற்கு நேர் எதிராக இன்னொருவர்.

இடைவேளைக்குப் பிறகு தியான்யாவ் லியூ. பதினாறு வயது. மேடைக்கு நடந்து வரும்போது பள்ளிக்கூடப் பிள்ளை, உட்கார்ந்ததும் வேறு ஆள். ஓபஸ் 61 இந்த வயசுக்கு எட்டாது என்றுதான் நான் நினைத்திருந்தேன், அங்கே கொஞ்சம் அப்படித்தான் இருந்தது, துக்கமான இடங்கள் எல்லாம் அழகாக வந்தன, துக்கமாக வரவில்லை. ஆனால் ஈ மைனர் கான்செர்ட்டோ! ஷோபினுக்கே அப்போது இருபதுதான், இதை எழுதின பிள்ளையும் வாசிக்கிற பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே வயது, அந்தப் பொருத்தம் முதல் பக்கத்திலேயே தெரிந்தது. நடுப் பகுதியில் பஸூன் என்ற ஊதுகருவி வந்து பியானோவோடு பேசும் இடத்தில் இந்தப் பெண் சட்டென்று ஒதுங்கி அதற்கு வழிவிட்டாள். அதுதான் அன்றைக்கு எனக்குப் பிடித்த இடம். மற்றவர்களிடம் பஸூன் பின்னணி. கடைசியில் சிறந்த கான்செர்ட்டோவுக்கான தனிப் பரிசு அவளுக்கே கொடுத்தார்கள், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கடைசியாக மலேசியாவின் வின்சென்ட் ஓங். நான்காவது ஓபஸ் 61. இந்த இடத்தில்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. மார்கழியில் ஒரே சாயங்காலம் நாலு பேர் அடுத்தடுத்து வந்து ஒரே கல்யாணி வர்ணத்தைப் பாடினால் எப்படி, முதலாமவர் பாடும்போது வர்ணத்தைக் கேட்போம், நான்காமவர் வரும்போது வர்ணம் நமக்கே மனப்பாடம் ஆகி, ஆளை மட்டும் கேட்க ஆரம்பிப்போம் இல்லையா, அது. ஓங் இடது கையில் ஒளிந்திருக்கும் வரிகளை எல்லாம் வெளியே எடுத்து வைக்கிறார், மற்ற மூன்று பேரிடம் கேட்காத ஒரு குரல் நடுவில் எழுந்து வருகிறது, அது சரியா தப்பா என்று தெரியவில்லை, ஆனால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. முதல் ஆளாக அவர் வந்திருந்தால் எனக்கு இது ஒன்றுமே தெரிந்திருக்காது. அப்படியானால் முதல் ஆளாக வந்த லீக்கு நியாயம் கிடைத்ததா? வரிசையை ஒரு எழுத்தைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள், வேறு வழியும் இல்லைதான். கேட்டுப் பழகிய நடுவர்களுக்கு இது பாதிக்காது என்பார்கள். எனக்குச் சந்தேகம்.

கான்செர்ட்டோ மட்டும் நான்கு முறை என்றால் இந்தப் பலன் கிடைத்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஷோபினின் ஆர்கெஸ்ட்ரா எழுத்து கொஞ்சம் சுமார்தான், முன்னுரை ஒன்றைச் சொல்லிவிட்டு மீதி நேரம் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும். வார்சா ஃபில்ஹார்மோனிக் கலைஞர்கள் மூன்று நாளில் 11 பேருக்கு இதையே வாசிக்கிறார்கள். அவர்கள் பொறுமைக்கு ஒரு தனிப் பரிசு வைக்கலாம். அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு பியானோக்காரர் உண்மையிலேயே எப்படிப்பட்டவர் என்று தெரிவது பத்து நிமிடம் இருக்கும். இரண்டாம் சுற்றிலோ மூன்றாம் சுற்றிலோ அதே ஆள் தனியாக முக்கால் மணி நேரம், சொனாட்டா, மசூர்க்கா என்று வாசிக்கிறார், ஒளிய இடமே கிடையாது. மசூர்க்காவை நேரில் கேட்பதற்கு ஈடே இல்லை. அதைத்தான் நான் மேலே சொன்னேன், மூன்றாம் சுற்று கேளுங்கள் என்று.

மதிப்பெண் போடுவதும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. இம்முறை ஃபைனலின் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கவில்லை, முந்தைய சுற்றுகளின் மதிப்பெண்ணும் கூடவே வந்து சேர்ந்தது. அதாவது ஃபைனல் ராத்திரியில் நாம் கேட்பது கதையின் கடைசி அத்தியாயம் மட்டுமே, யாருக்கு எவ்வளவு கையிருப்பு என்று நமக்குத் தெரியாது. நல்ல ஏற்பாடுதான், ஒரு நாள் விரல் சறுக்கினால் மூன்று வார உழைப்பு போகக் கூடாது. ஆனால் அரங்கத்தில் உட்கார்ந்து இவர்தான் அவர்தான் என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். நடுவர்கள் தங்கள் மாணவர்களுக்கு மதிப்பெண் போடக் கூடாது என்று விதி இருக்கிறது, இருந்தாலும் யார் யாருடைய மாணவர் என்கிற பேச்சு ஒவ்வொரு தடவையும் கிளம்பும். இந்தப் போட்டியின் சரித்திரமே அப்படி. 1980இல் போகொரெலிச் என்ற இளைஞரை ஃபைனலுக்கு விடவில்லை என்று புகழ்பெற்ற பியானோக்காரர் மார்த்தா ஆர்கெரிச் நடுவர் பதவியை விட்டுவிட்டு வெளியே போனார். அதே வருடம்தான் ஹனோயில் பிறந்த தாங் தாய் சன் முதல் பரிசு வாங்கினார், ஆசியாவுக்கு வந்த முதல் பரிசு அது. 1990லும் 1995லும் தகுதியான ஆள் இல்லை என்று முதல் பரிசையே யாருக்கும் கொடுக்காமல் விட்டார்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமையே க்ராக்கோ திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் திங்கட்கிழமை, அன்றைக்குத் தீபாவளி. கெவின் சென், கிரிகுலி, குவாஹாரா மூன்று பேரையும் வீட்டில் முறுக்கைக் கடித்துக்கொண்டு போட்டியை நடத்தும் ஷோபின் நிறுவனத்தின் யூடியூப் நேரலையில் பார்த்தேன், காசு கிடையாது, படமும் ஒலியும் முதல் தரம். விரல்களை இவ்வளவு கிட்டத்தில் அரங்கத்தில் எந்த சீட்டிலும் பார்க்க முடியாது. சாட்டில் நடக்கும் சண்டையை மட்டும் மூடி வைத்துவிடுங்கள். முடிவு நள்ளிரவுக்குள் வரும் என்று உட்கார்ந்தால் ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று, வெறும் படிக்கட்டையும் காத்திருக்கும் கூட்டத்தையும் காட்டிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு மணி தாண்டிய பிறகுதான் நடுவர் குழுத் தலைவர் காரிக் ஓல்சன் வந்தார், 1970இல் இதே பரிசை வாங்கியவர். லூவுக்கு முதல் பரிசு, 60,000 யூரோ. கெவின் சென் இரண்டாவது, ட்ஸிடோங் வாங் மூன்றாவது. நான்காவதை லியூவும் குவாஹாராவும் பகிர்ந்துகொண்டார்கள், ஐந்தாவதை ஓங்கும் போலந்தின் பியோத்தர் அலெக்ஸெவிச்சும், ஆறாவது வில்லியம் யாங். நான் கேட்ட நாலு பேரில் மூன்று பேருக்குப் பரிசு. ஊரில் அப்போது விடிந்துகொண்டிருந்தது. அம்மா போன் செய்து, “இன்னும் தூங்கலையா நீ? தீபாவளிக்குக்கூட இப்படி முழிச்சிருக்க மாட்டியே” என்றாள். இன்றைக்குத்தான் தீபாவளி முடிந்தது என்றேன்.

லூவுக்குக் கொடுத்தது சரியா என்று கேட்டால், மூன்று நாளையும் திரையில் மட்டும் பார்த்திருந்தால் நான் கெவின் சென் என்று சொல்லியிருப்பேன், திரையில் அவர் குறையே இல்லாமல் இருந்தார். அரங்கத்தில் லூவைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நடுவர்கள் யாரும் யூடியூபில் கேட்பதில்லை என்பதைச் சாட்டில் சண்டை போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த போட்டி 2030 அக்டோபர் வாக்கில் வரும். போக நினைக்கிறவர்கள் 2029 கோடையிலிருந்தே நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றுக்குக் கிடைத்தால்கூட விடாதீர்கள், எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் காலையும் மாலையும் மாறி மாறி வாசிக்கிறார்கள், யாரும் பெயர் கேள்விப்படாத ஒருவர் எங்கிருந்தோ வந்து அசத்துவது அங்கேதான். அப்போதும் ஃபைனலில் ஓபஸ் 61 போல ஒரு தனி பியானோத் துண்டு வைத்திருந்தார்கள் என்றால் ஃபைனலும் வாங்குங்கள், பழையபடி கான்செர்ட்டோ மட்டும் என்றால் அந்தக் காசில் மூன்றாம் சுற்றுக்கு இரண்டு நாள் போகலாமா என்று பாருங்கள். சாப்பாட்டை ஐந்து மணிக்கே முடித்துவிடுங்கள், வெளியே வர பத்து மணி ஆகும். சைவக்காரர்கள் பார் ம்லெச்னி என்று பலகை மாட்டியிருக்கும் மலிவுக் கடையில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி கேட்கலாம். மேலே வறுத்த வெங்காயம் மட்டும் போடச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சில இடங்களில் பன்றிக் கொழுப்புத் துண்டுகளையும் சேர்த்துத் தூவிவிடுவார்கள்.